அரை எஞ்சினில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்: பெற்றோல் மிச்சமா, ஓட்டுபவனின் கையைக் கட்டுவதா?

2025 மே 3 – வாசகர் கேள்வி (இலங்கை, மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடி, இப்போது கட்டார்)

அண்ணே, நான் இஞ்ச ஒரு வீட்டில சாரதி. முதலாளிட மகனுக்கு எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கூப்பே (ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்டு நிக்கிது. பெரிய ரோட்டில ஒரே வேகத்தில போனா டாஷ்போர்டில பச்சையா ஒரு வெளிச்சம் வரும், மறுகா அடியில ஒரு முனகல் சத்தம். பாதி சிலிண்டர் நிண்டுட்டுதாம். இவ்வளவு காசு குடுத்து எட்டு வாங்கிப்போட்டு நாலில ஓடுறது என்ன கணக்கு? அதை நிப்பாட்டுற சாமான் ஒண்டு விக்கிதாம், வாங்கிச் செருகுவம் எண்டு சின்னவர் சொல்றார். ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த மிச்சம் பிடிக்கிற வேலையெல்லாம் தேவையா?

மே 3, இரவு

தேவைதான் தம்பி. சாமானைச் செருகுவதற்கு முன் அந்த எஞ்சின் உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்க.

சமதரையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் சீராகப் போகும் காருக்கு 20, 25 குதிரைவலு போதும். உங்கள் சின்னவரின் காரில் 400க்குக் கிட்ட இருக்கும். அவ்வளவையும் அடக்கி வைக்க, காற்று உள்ளே போகும் வாயிலில் இருக்கும் த்ரொட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிக் கிடக்கும். எட்டு பிஸ்டனும் அந்தச் சின்னக் கீற்றால் காற்றை இழுக்கப் பாடுபடும். இளநீரை மெல்லிய குழாயால் உறிஞ்சும்போது கன்னம் உள்ளே போகிறதே, அந்த மாதிரி இழுவை. அந்தப் பாட்டுக்கும் பெற்றோல் செலவாகிறது, சில்லுக்கு அதில் ஒரு துளியும் போய்ச் சேராது.

நாலு சிலிண்டரை நிறுத்தினால் மிச்ச நாலும் இரண்டு பங்கு வேலை செய்ய வேண்டும். அதற்குத் த்ரொட்டில் அகலத் திறக்கும், இழுவை குறையும். மிச்சம் வருவது அந்த இடத்தில்தான். நிறுத்திய சிலிண்டரில் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் மூடியே இருக்கும். உள்ளே அகப்பட்ட காற்றைப் பிஸ்டன் நெருக்கும், நெருங்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், ஆகவே நட்டம் சொற்பம்.

வால்வை எப்படி நிறுத்துகிறார்கள் என்றால், அமெரிக்க எட்டு சிலிண்டர்களில் வால்வைத் தள்ளும் லிஃப்டருக்குள் சின்னப் பூட்டு ஊசி ஒன்று உண்டு. கணினி சொன்னதும் ஒயில் அழுத்தம் வந்து அந்த ஊசியைத் தளர்த்தும். லிஃப்டரைத் தள்ளும் கேம் தண்டு சுற்றினாலும் லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கும், வால்வு அசையாது. இதில் ஒயிலுக்கு எவ்வளவு பெரிய பங்கு என்பதை மனதில் வையுங்க, பிறகு அதற்கு வருவேன்.

முனகலுக்கும் காரணம் இருக்கிறது. எட்டும் வேலை செய்யும்போது எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற நாலு வெடிப்பு, பாதி நின்றால் இரண்டு வெடிப்பு. சைலன்சரை முக்கியமாக எட்டுக்காகச் செய்திருப்பார்கள், இந்த இடைவெளி விட்ட அடியை அது முழுதாக அடக்காது, அதற்குள் அதிர்ந்து காருக்குள் கேட்கும். அவுடி தன் 4.0 லீற்றர் எட்டு சிலிண்டரில் இந்த அதிர்வுக்கு எதிர் அதிர்வு கொடுக்கும் எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பாகம்) வைத்தது. காருக்குள் ஸ்பீக்கரால் எதிர் அலை விட்டுச் சத்தத்தையும் அடக்கியது.

மே 5

கல்முனையிலிருந்து ஒருவர், “இது புதுசா வந்த பித்தலாட்டம், பசுமைச் சட்டக்காரரைச் சமாளிக்கக் கண்டுபிடிச்சது” என்று எழுதியிருக்கிறார். புதுசு என்பது பிழை.

1981 மொடல் கடிலாக்கில் 6.0 லீற்றர் எஞ்சின் எட்டு, ஆறு, நாலு என்று மாறி மாறி ஓடியது. எண்ணம் நல்ல எண்ணம். அன்றைக்கிருந்த கணினிக்கு அந்த வேகம் இல்லை. மாறும் நேரம் கார் உதறும், ஓட்டுபவருக்கு எஞ்சின் மக்கர் பண்ணுகிற மாதிரி இருக்கும். பலர் வயரைக் கழற்றிவிட்டு எப்போதும் எட்டிலேயே ஓட்டினார்கள். பெரும்பாலான மொடல்களிலிருந்து ஒரு வருடத்திலேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்க ஓட்டுநர்களின் சந்தேகம் அங்கிருந்து தொடங்குகிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

2004, 2005 அளவில் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டர்ஸும் இதைத் திரும்பக் கொண்டுவந்தபோது கணினி எங்கேயோ போயிருந்தது. பிறகு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் வந்தது. 2011 மெர்சிடிஸ் எஸ்எல்கே 55 ஏஎம்ஜி, 5.5 லீற்றர், 420க்கு மேல் குதிரைவலு. ஐரோப்பியச் சோதனையில் 100 கிலோமீற்றருக்கு 8.4 லீற்றர், நம்முடைய கணக்கில் லீற்றருக்கு 12 கிலோமீற்றருக்குக் கிட்ட. சோதனைக் கணக்கு ரோட்டுக் கணக்கு ஆகாது, அது தெரிந்த விசயம். என்றாலும் அந்தப் பருமன் எஞ்சினுக்கு அது பெரிய காரியம். லம்போர்கினி அவென்டடோரில் மணிக்கு 135 கிலோமீற்றருக்குக் கீழே, சுமை குறைவாக இருக்கும்போது, 12 சிலிண்டரில் ஒரு பக்கத்து ஆறும் நிற்கும். கோர்வெட்டுக்கு 2014 மொடலில் வந்தது. 2018 ஃபோர்ட் ஃபியஸ்டா எஸ்டியில் மொத்தமே மூன்று சிலிண்டர், அதிலும் ஒன்றை நிறுத்துகிறார்கள், நிறுத்தவும் எழுப்பவும் 14 மில்லிசெக்கன் போதும்.

மே 9

ஊருக்கு வந்து கல்லடிப் பக்கம் கராஜ் போடுவதற்கு முன் நான் துபாயில் ஒரு கராஜில் வேலை செய்தேன். பெரிய கார்கள் வந்து போகும் இடம். அங்கே ஓட்டுநர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு தெளிவு வந்தது, அதை இங்கே போட வேண்டும்.

ஒரு எட்டு சிலிண்டர் காரை சேர்விசுக்குக் கொண்டு வருகிற இளைஞர் ஒருவர். எஞ்சின் சத்தத்தில் உயிர். காரைப் பற்றி ஒரு முறைப்பாடும் இருந்ததில்லை. ஒருநாள் டாஷ்போர்டில் எரிபொருள் பக்கத்தைத் திறந்து, இப்போது நாலில் ஓடுகிறது பாருங்கள் என்று நான் காட்டினேன். அடுத்த முறை வந்தபோது முகம் வேறு. “அதைக் காட்டின நாளிலிருந்து எனக்கு அதுதான் கேட்கிறது, நிறுத்தித் தாருங்கள்” என்றார். கார் அதே கார், மாறியது அவருடைய காது.

இதை வைத்து ஓட்டுநர்களின் குறை எல்லாம் மனப்பிரமை என்று சொல்ல வரவில்லை. முனகல் உண்மை, அடி அதிர்வு உண்மை. நாலிலிருந்து எட்டுக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் கால் கொடுத்ததற்கும் கார் பாய்வதற்கும் இடையில் வரும் தயக்கம், சில கார்களில் அதுவும் உண்மை. என்றாலும் நான் கேட்ட முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் “என்னைக் கேட்காமல் செய்கிறது” என்பதில்தான் வந்து நின்றன. பெற்றோல் மிச்சமாவதில் யாருக்கும் கோபம் இல்லை. அவர்கள் கேட்டது, ஓட்டுவது தாங்களா காரா என்பதுதான்.

மே 11

காத்தான்குடி நானா ஒருவர் கேட்டிருப்பது: “தம்பி, நாலு சிலிண்டர் நிக்கிற நேரம் வரியையும் பாதியாக் குறைப்பானுகளா?”

நானா, குறைக்க மாட்டார்கள். நம் நாட்டில் பெற்றோல் காருக்கு வரி எஞ்சின் பருமனில், சிசிக் கணக்கில். சிலிண்டர் நின்றாலும் சிசி நிற்காது. இந்த வரி நம்மை எந்தப் பக்கம் தள்ளியது என்பது பெரிய கதை, தனியே எழுதுகிறேன்.

மே 12

நானாவின் இன்னொரு கேள்வி கனமானது. மணிக்கு 70 கிலோமீற்றர் சட்டம் உள்ள ரோட்டில் இந்த வசதியால் என்ன பயன்?

ரோட்டைப் பார்த்தால் நமக்குப் பொருந்த வேண்டும். கல்லடிப் பாலத்திலிருந்து பொத்துவில் வரை ஒரு மேடு கிடையாது, சமதரை. சீரான வேகம், குறைந்த சுமை, இந்த வசதி கேட்பது அதைத்தான். நடப்பு வேறு. காத்தான்குடியில் நடுவில் பேரீச்சை மரம், இரண்டு பக்கமும் கடை, மோட்டார்சைக்கிள். அது முடிய ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை. ஊருக்கு ஊர் கால் பிரேக்குக்குப் போகும். இடையில் மாடு வேறு. ஒரே காலில் ஒரு நிமிசம் தொடர்ந்து ஓட்டக் கிடைத்தால் பெரிய காரியம். நாலுக்குப் போகும், எட்டுக்கு வரும், நாலுக்குப் போகும், ஓட்டுபவருக்குச் சலிப்பு.

அக்கரைப்பற்று தாண்டினால் கதை மாறும். திருக்கோவிலுக்கு அங்கால கோமாரி, பொத்துவில் என்று ரோட்டு திறந்து கிடக்கும். அந்தத் துண்டில் பாதி சிலிண்டர் நிறுத்தம் நின்று வேலை செய்யும். கட்டாரில் இருக்கும் தம்பி ஓடுவது நாள் முழுக்க அந்த மாதிரி ரோட்டு. ஆகவே அவருக்குச் சொன்ன பதில் மாறாது.

மே 18

இனி அடுத்த வசதி: சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நின்று, பிரேக்கை விட்டதும் ஸ்டார்ட் ஆவது.

என்னிடம் இருப்பது ஹொண்டா சிஆர்-இசட், 2010இல் வந்த மொடல். 1.5 லீற்றர் எஞ்சினும் அதோடு சேர்ந்த சின்ன மோட்டாரும். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல முடியுமா என்று சண்டை பிடிக்க விரும்புபவர்கள் பிடிக்கலாம். தாழ இருந்து ஓட்டுகிற, வளைவில் ஒட்டிப் போகிற ஹைப்ரிட் கூப்பே, எனக்கு அது போதும். ஸ்டார்ட்டர் கிர்ரென்று கத்தாது, எஞ்சினோடு பூட்டிய மோட்டாரே சுழற்றிவிடும். நின்றதும் தெரியாது, எழும்பியதும் தெரியாது.

சிக்கல் வெயில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரம் காத்தான்குடி மெயின் ரோட்டில் அகப்பட்டுப் பாருங்க. எஞ்சின் நின்றால் எசி கொம்பிரசரும் நிற்கும், ஏனென்றால் அது எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. காற்றாடி மட்டும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் உள்ளே வெக்கை, அதைக் கண்டு எஞ்சின் தானே எழும்பும். மறுகா நாலு முழம் நகர்ந்ததும் நிற்கும். மிச்சமாகும் பெற்றோல் ஒரு பக்கம், ஓட்டுபவரின் பொறுமை மறுபக்கம். டொயோட்டா அக்குவாவில் இந்தத் தொல்லை இல்லை. அதில் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடும், எஞ்சின் நின்றாலும் குளிர் வரும். நம்முடைய சூட்டுக்கு எஞ்சின் நிறுத்தம் வேண்டுமென்றால் அப்படிச் செய்ய வேண்டும்.

மஸ்தாவின் ஐ-ஸ்டொப் எனக்குப் பிடித்த வேலைப்பாடு. எஞ்சின் நிற்கும்போதே பிஸ்டன்கள் தோதான உயரத்தில் வந்து நிற்கும்படி அடக்குகிறார்கள். எழுப்பும்போது சிலிண்டருக்குள் நேரே பெற்றோல் தெளித்துப் பற்றவைத்து, அந்த வெடிப்பையே சுழற்ற உதவிக்கு எடுக்கிறார்கள். 0.35 செக்கனில் எழும்பும். லம்போர்கினி அவென்டடோரில் வேறு வழி: 12 சிலிண்டரைச் சுழற்ற வேண்டிய கணநேர மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து எடுக்காமல் பெரிய கொள்ளளவுக் கெப்பாசிற்றர்களில் சேர்த்து வைத்து விடுகிறார்கள். மிச்சமாகும் பெற்றோலுக்காக எவ்வளவு மூளை செலவழித்திருக்கிறார்கள் என்பதை ஓட்டுபவர்கள் அறிய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

மே 18, பின்னேரம்

பற்றரி விசயம் விடுபட்டது. எஞ்சின் தானே நிற்கும் சாதாரண கார்களுக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் விசேட பற்றரி வேண்டும். அது பழுதாகும்போது விலை பார்த்துச் சாதாரண பற்றரி போட்டுவிடுகிறார்கள். சில மாதத்தில் வசதி வேலை செய்யாது, “இது உதவாத சாமான்” என்று என்னிடம் வருகிறார்கள். காரில் குற்றம் இல்லை.

மே 19

திருக்கோவிலிலிருந்து ஒரு அக்கா, ஆசிரியை. “தம்பி, பாடசாலைக்கு வெளிக்கிடும்போது எஞ்சின் தானா நிக்கிற வேலையை ஒவ்வொரு நாளும் அந்த பட்டனை அமத்தி நிப்பாட்டுறன். அடுத்த நாள் கார் திரும்பவும் தன்ட பாட்டுக்கு வந்து நிக்கிது. நான் சொன்னதை அதுக்கு ஏன் ஞாபகம் இரிக்கிதில்ல?”

அக்கா, அருமையான கேள்வி. தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எரிபொருள் சோதனை, கார் ஸ்டார்ட் ஆகும்போது தானாக எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையில் நடக்கிறது. பட்டன் உங்கள் விருப்பத்தை ஞாபகம் வைத்தால், அந்த வசதியால் கிடைத்த மிச்சத்தைச் சோதனைக் கணக்கில் காட்டுவது கடினம். ஆகவே ஒவ்வொரு நாளும் புதிதாக அமத்த வேண்டும்.

இதே குணத்தின் உச்சம் பழைய கோர்வெட். 1989இல் ஆறு கியர் பெட்டி வந்தபோது, எஞ்சின் சூடாகி, மெதுவாகக் கால் கொடுத்து முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினால், ஒரு தடை குறுக்கே வந்து கியர்க்கம்பை நாலாவதுக்குத் திருப்பிவிடும். ஓட்டுபவரின் கையைப் பிடித்து இழுக்கிற வேலை. காரணம் அமெரிக்காவின் 1978 சட்டம்: கலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே ஓடும் கார்களுக்குத் தனி வரி. நாலாவதுக்குப் போனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், சோதனையில் கணக்குத் தேறும், வரி விலகும். வாங்கியவர்களில் கனபேர் முதல் வேலையாகச் சின்னச் சொருகி ஒன்று வாங்கி அந்தத் தடையை நீக்கினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பாதி சிலிண்டர் நிறுத்தம் ஓட்டுபவரின் கையையும் காலையும் தொடுவதில்லை. அழுத்தினால் எட்டும் வந்துவிடும். கோர்வெட் தடை கையைத் தொட்டது. எரிபொருள் மிச்ச வசதியில் நான் பிரித்துப் பார்ப்பது இந்த ஒரு கோடுதான். கையைத் தொடாத மிச்சம் எதுவானாலும் வைக்கட்டும், எனக்கு முழுச் சம்மதம். கையை, காலை, உடம்பைத் தொடுவதென்றால் நிறுத்தும் பட்டனும் வேண்டும், அந்தப் பட்டனுக்கு ஞாபகமும் வேண்டும். அக்காவின் காலை நேரத்தை யாருடைய சோதனைக் கணக்குக்காகவும் எடுக்கக் கூடாது.

மே 27

நானாவுக்குச் சொன்ன வரிக் கதை.

சிசியில் வரி என்றபடியால் சின்ன எஞ்சினுக்கு டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) பூட்டிய கார்கள் இங்கே வந்து குவிந்தன. ஹொண்டா சிவிக் 1.0 டர்போ, 988 சிசி, 129 குதிரைவலு. சந்தோசமான வண்டி. காலை மெதுவாக வைத்தால் சின்ன எஞ்சினின் செலவு, வேண்டும்போது பெரிய எஞ்சினின் இழுவை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. டர்போ ஊதத் தொடங்கினால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போக வேண்டும். கடும் சுமையில் வெடிப்பறையின் சூட்டைத் தணிக்க மேலதிகமாகவும் தெளிப்பார்கள். ரேஸ் பண்ணி ஓட்டுபவர்கள் “சொன்ன மிச்சம் கிடைக்கவில்லை” என்று வந்து நிற்பது இதனால்தான்.

ஒக்டேனும் சேருகிறது, அதாவது பெற்றோல் முந்தி வெடிக்காமல் தாங்கும் அளவு. இங்கே பரவலாகக் கிடைப்பது 92, 95. டர்போவும் நேரடித் தெளிப்பும் உள்ள எஞ்சினில் 92 அடித்தால், வெடிப்பு முந்திக்கொள்வதை சென்சர் கண்டுபிடித்து, பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளும். எஞ்சின் தப்பும், வலு குறையும், அந்த வலுவுக்காக நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். பெற்றோல் செட்டில் மிச்சம் பிடித்த காசு ரோட்டில் போகும்.

பெரிய உலகத்திலும் இதே சண்டைதான். 2022இல் மெர்சிடிஸ் சி 63 ஏஎம்ஜியின் எட்டு சிலிண்டரை எடுத்துவிட்டு 2.0 லீற்றர் நாலு சிலிண்டரும் பின் சில்லுக்கு மின்மோட்டாரும் வைத்தார்கள். 680 குதிரைவலு, பழையதைவிட எவ்வளவோ கூட. ரசிகர்கள் ஏற்கவில்லை. வலுக் குறைந்தது என்று எவரும் அழவில்லை, சத்தமும் குணமும் போயிற்று என்றார்கள், பாரம் கூடியது என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு காரை வாங்குபவர் எஞ்சினின் குரலையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். எட்டை வைத்துக்கொண்டு தேவையில்லாத நேரம் பாதியை உறங்கவிடுவது, எட்டையே வெட்டி எடுப்பதைவிட ஓட்டுபவருக்கு எவ்வளவோ மரியாதையான வழி என்று நான் நினைக்கிறேன்.

ஜூன் 8

ஒருவர், “மிச்சம் மிச்சம் எண்டு சொல்றீங்க, ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவனுக்கு பெற்றோல் காசு ஒரு காசா?” என்று கேட்டிருக்கிறார். கொழும்பில் இருந்து எழுதுகிறாரோ தெரியாது.

2022ஐ மறந்துவிட்டீர்களா? ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் 470 ரூபாய் ஆனது, 95 ஒக்டேன் 550. அந்த விலைக்கும் சாமான் இல்லை. மட்டக்களப்பில் செட்டுக்கு முன்னால் இரவு முழுக்க வாகனங்கள் வரிசையில் கிடந்தன, ஆட்கள் ரோட்டோரம் பாய் விரித்துப் படுத்தார்கள். பிறகு ஜூலையில் கியூஆர் குறியீடு காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீடு வந்தது. கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார்சைக்கிளுக்கு 4. காசு எவ்வளவு வைத்திருந்தாலும் 20 லீற்றர்தான். சிஆர்-இசட் தாங்கி 40 லீற்றர், ஆகவே கிழமைக்குப் பாதித் தாங்கி.

அந்த மாதங்களில்தான் நான் அந்தக் காரை உண்மையாகப் படித்தேன். அதில் வேகமானியைச் சுற்றி ஒரு வளையம் உண்டு: சிக்கனமாக ஓட்டினால் பச்சை, கால் கொடுத்தால் நீலம், ஸ்போர்ட் நிலையில் சிவப்பு. அதுவரை எனக்குச் சிவப்புத்தான் பழக்கம். அந்த நாட்களில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பெற்றோல் மிஞ்ச வேண்டும் என்பதற்காகப் பச்சை போகாமல் ஓட்டப் பழகினேன். முன்னால் விளக்குச் சிவந்தால் தூரத்திலேயே காலை எடுப்பது, மோட்டார் பற்றரிக்கு மின்சாரத்தைத் திருப்ப விடுவது, வேகத்தைக் கொட்டாமல் வளைவுக்குள் கொண்டுபோவது. இதைச் சொல்ல வேண்டும்: அது ஓட்டும் சுகத்தைக் குறைக்கவில்லை. வேகத்தைக் காப்பாற்றி ஓட்டுவதற்கு ரேஸ் ஓட்டுபவருக்கு வேண்டிய கண்ணும் காலும் வேண்டும்.

அந்தக் காலத்தில் என் கராஜுக்கு வந்த கேள்வியே மாறிவிட்டது. முன்பு இந்த மிச்ச வசதிகளைக் கழற்றச் சொன்னவர்களே வந்து, கழற்றியதைத் திரும்பப் பூட்டச் சொன்னார்கள். கியூஆர் 2023இல் முடிந்தது. முடிந்ததும் சிலர் மீண்டும் கழற்ற வந்தார்கள். நான் செய்து கொடுக்கவில்லை.

ஜூன் 15

இது அவசரம். செங்கலடித் தம்பி ஒருவர், பதுளை வீதியால் மகாஓயா, மகியங்கனை போய்க் கண்டிக்கு ஏறி, திரும்பும்போது மலை இறக்கத்துப் பதினெட்டு வளைவில் நியூட்ரலில் விட்டால் பெற்றோலே செலவாகாது என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். “போர்ஷேயே அப்படித்தான் செய்கிறது” என்றும் எழுதியிருக்கிறார்.

அப்படிச் செய்யாதீர்கள், ஒருவரும்.

இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெற்றோலை முழுதாக வெட்டிவிடும். சில்லு எஞ்சினைச் சுழற்றும், ஒரு துளி தெளிக்காது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன் சொந்தக் காலில் சுற்ற வேண்டும், அதற்குப் பெற்றோல் போகும். இறக்கத்தில் நியூட்ரல் மிச்சம் பிடிப்பதில்லை, செலவழிக்கிறது. எஞ்சின் பிடிப்பும் இல்லாமல் போகும், பாரம் முழுக்கப் பிரேக்கில் விழும். அந்த வளைவுகளில் பிரேக் சூடேறித் தோற்றால் பக்கத்தில் பள்ளம்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவது அதைவிடக் கேடு, பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

போர்ஷே 911இல் 2011 முதல் வந்த வசதி வேறு. சமதரையிலும் மெல்லிய சரிவிலும், வேகம் குறையத் தேவையில்லாதபோது, கியர்ப்பெட்டி தானே கிளச்சைப் பிரித்துக் காரை உருளவிடும். அங்கே எஞ்சின் பிடிப்பால் வேகம் வீணாவதைவிட, சும்மா சுற்றக் கொஞ்சம் பெற்றோல் கொடுப்பது இலாபம். பிரேக் மிதித்ததும் நொடியில் எஞ்சினைத் திரும்பப் பூட்டிக்கொள்ளும். மலை இறக்கத்துக்குச் செய்த வசதி இல்லை அது.

ஜூன் 29

மே 3ஆம் திகதி ஒயிலைப் பற்றிப் பிறகு வருவேன் என்றேன்.

பாதி சிலிண்டர் நிறுத்தம், வால்வு நேரம் மாற்றுவது, இவையெல்லாம் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. தயாரிப்பாளர் 0டபிள்யூ-20 என்று எழுதியிருந்தால் அது மெல்லிய ஒயில், மயிர் அளவான ஓட்டைகளுக்குள் வேகமாகப் போகக்கூடியது. நம்முடைய கராஜ் பாஸ்மாருக்கு மெல்லிய ஒயிலில் நம்பிக்கை இல்லை. “இந்தச் சூட்டுக்கு இது தண்ணி” என்று தடித்த ஒயில் ஊற்றுகிறார்கள். பழைய எஞ்சினுக்கு அது சரியான அறிவு. புதியதில் ஊசி நேரத்துக்கு நகராது, கணினி எதிர்பார்த்த கணத்தில் வால்வு நிற்காது. சேர்விஸ் காலத்தையும் இழுத்துவிட்டால் ஒயிலில் கசடு சேரும், லிஃப்டர் மாட்டிக்கொள்ளும், கேம் தண்டைத் தேய்க்கும். செலவு இலட்சக்கணக்கில்.

என் கராஜுக்கு “சிலிண்டர் நிறுத்தத்தால் எஞ்சின் பழுது” என்று வந்தவற்றில் கனக்கவற்றின் ஒயில் மூடியைத் திறந்தால் கரி நாற்றம். வடிவமைப்பிலும் பலவீனம் உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் லிஃப்டர் பழுது பற்றிப் பரவலான முறைப்பாடு இருக்கிறது, அசையும் பாகம் கூடினால் பழுதாகும் இடமும் கூடும். அதனால்தான் ஒயிலில் காசு பார்க்காதீர்கள் என்கிறேன். மனுவலில் போட்ட இலக்கம், மனுவலில் போட்ட காலம். வெயிலும் புழுதியும் நெரிசலும் உள்ள நம் ஊருக்கு அந்தக் காலத்தையும் கொஞ்சம் குறையுங்க.

ஜூலை 13

கட்டார்த் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். சின்னவர் இன்னும் சாமான் வாங்கவில்லையாம். முனகல் மட்டும் தாங்க முடியவில்லையாம்.

தம்பி, மூன்று விசயம் பாருங்க. எஞ்சின் மவுண்ட் தேய்ந்திருந்தால் முனகல் இரட்டிப்பாகும். சைலன்சரை யாராவது மாற்றியிருந்தால் காரணம் அதுதான், கம்பனி சைலன்சர் இந்த அடியை ஓரளவுக்காவது அடக்கும். மறுகா, அவருக்கு எட்டின் குரல் வேண்டிய நேரம் ஸ்போர்ட் நிலைக்கோ கையால் கியர் மாற்றும் நிலைக்கோ போடச் சொல்லுங்க, பல எட்டு சிலிண்டர் கார்களில் அங்கே பாதி நிறுத்தம் விலகிவிடும். பட்டன் ஏற்கெனவே காரில் இருக்கும்போது காரின் கோளாறு பார்க்கும் சோதனைச் சொக்கெட்டில் வெளிச் சாமான் செருகி உத்தரவாதத்தோடு விளையாட வேண்டாம்.

ஓகஸ்ட் 2

கல்முனையிலிருந்து மருமகன் முறையான ஒருவர். பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்ததிலிருந்து மனசு நிற்கவில்லையாம். ஜிஆர் 86 எடுப்பதா, மஸ்தா எம்எக்ஸ்-5 எடுப்பதா?

மருமகன், 86இல் டொயோட்டா இரண்டு விதமாகப் பெற்றோல் தெளிக்கிறது, சிலிண்டருக்குள் நேரேயும் வால்வுக்கு முன்னாலும். நேரடித் தெளிப்பு மட்டும் உள்ள எஞ்சினில் உள்வால்வைப் பெற்றோல் கழுவுவதில்லை, காலப்போக்கில் கரி படியும். இரண்டும் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. நல்ல எஞ்சின், ஆனால் 2.4 லீற்றர், சிசி வரியை எண்ணிப் பாருங்க.

ஜப்பானில் விற்ற சீலைக்கூரை எம்எக்ஸ்-5க்கு 1.5 லீற்றர், ஆகக் குறைந்த தரத்தில் பாரம் 990 கிலோ. டர்போ இல்லை, சிலிண்டர் நிறுத்தம் இல்லை. பாரம் இல்லாதபடியால் தள்ள வேண்டியதும் கொஞ்சம், நிறுத்த வேண்டியதும் கொஞ்சம். ஓட்டுபவரின் கையைத் தொடாத மிச்சம் இதைவிட வேறு எங்கே கிடைக்கும்? உயரமான ஆள் என்றால் முதலில் உள்ளே இருந்து பாருங்க, தலை சீலையில் முட்டும். ஐ-ஸ்டொப் உள்ள வண்டியென்றால் அதில் கிடக்கும் பற்றரியின் வகையைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, பெற்றோல் 95 அடியுங்க.